கேள்வி–பதில்: ரயில் மாடலுக்குச் சின்ன உலோகப் பாகங்கள்

கேள்வி (திருமங்கலம்): 1:87 அளவு (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) ஒய்.பி. என்ற மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின் மாடலுக்கு, வொயிட் மெட்டல் என்ற எளிதில் உருகும் உலோகக் கலவையில் வார்த்த முகப்பு விளக்கைச் சால்டர் வைத்தேன். விளக்கே உருகி வழிந்துவிட்டது. ஏன்?

பதில்: சால்டர் வைக்கும் சாதாரண 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) ஏறத்தாழ 190 டிகிரியில் உருகும். அதை உருக்கும் சால்டரிங் அயர்னின் முனையோ 350 டிகிரி வரை போகும். வொயிட் மெட்டல் 250 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும், தாங்க வழியில்லை. இதற்கென்றே 70 டிகிரியில் உருகும் ஈயம் கிடைக்கிறது. ஆனால் அது பித்தளையில் நேராகப் பிடிக்காது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதுபோல, பித்தளையில் ஒட்டும் இடத்துக்கு மட்டும் முதலில் சாதாரண ஈயத்தை மெல்லியதாகப் பூசுங்கள். அது ஆறியபின் பாஸ்பாரிக் அமில ஃப்ளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் திரவம்) தடவி, வெப்பத்தைக் குறைத்து வைக்கும் வசதியுள்ள அயர்னை 150 டிகிரியில் வைத்து 70 டிகிரி ஈயத்தால் பற்றவையுங்கள். மதுரை தெற்கு ஆவணி மூல வீதிப் பத்தரிடம் கொடுத்து ஊதுகுழல் தீயில் பற்றவைக்க நினைக்காதீர்கள், பாகம் நொடியில் போய்விடும்.

உண்மையில் விளக்கு, விசில் போல இழுபடாத பாகங்களுக்குச் சால்டரே தேவையில்லை. அரால்டைட் பசையின் இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு எடுத்துக் கலந்து, குண்டூசி முனையால் வைத்து, ஓர் இரவு அசைக்காமல் விடுங்கள். ஃபெவிக்விக் வேண்டாம்: ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளை பூக்கும், தட்டினால் விட்டுவிடும். வொயிட் மெட்டலில் பெரும்பாலும் காரீயம் இருக்கும். அரம் போட்ட தூளை ஈரத்துணியால் துடைத்து, கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

கேள்வி (பெத்தானியாபுரம்): பித்தளைப் பாகங்களில் பெயின்ட் தோல் தோலாக உரிகிறது.

பதில்: விரலின் எண்ணெயும் கழுவாத ஃப்ளக்ஸும்தான் முதல் காரணம். பித்தளையின் வழவழப்பு அடுத்தது. பழைய டூத்பிரஷ்ஷில் புளிக்கரைசல் தொட்டுத் துலக்கி, சோப்புநீரில் அலசி, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். வொயிட் மெட்டலுக்குப் புளி வேண்டாம், சோப்பே போதும். காய்ந்தபின் விரல் படவே கூடாது. கம்பியிலோ கிளிப்பிலோ மாட்டிப் பிடியுங்கள். பித்தளைக்குச் சாதாரண பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) போதாது. கார் பெயின்ட் கடையில் எட்ச் பிரைமர் என்று கேளுங்கள். அதிலுள்ள அமிலம் உலோகத்தைக் கவ்விக்கொள்ளும்.

மதுரை வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சித்திரை, வைகாசி நண்பகலில் ஸ்ப்ரே அடித்தால் துளிகள் வழியிலேயே காய்ந்து, பாகத்தின்மேல் சொரசொரவென்று தூளாக இறங்கும். காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி மழையிலோ ஈரக்காற்றால் பிரைமர் வெளுத்துப்போகும். அன்று அடிக்காமல் இருப்பதே நல்லது. 20 செ.மீ. தள்ளி நின்று, மெல்லிய இரண்டு பூச்சு. எனாமல் என்றால் அடுத்த நிறத்துக்கு முன் ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

கேள்வி (உசிலம்பட்டி): கைப்பிடிக் கம்பிக்கு எந்த வயர்?

பதில்: நிஜத்தில் 32 மி.மீ. குழாய் 87-இல் ஒரு பங்காகும்போது 0.37 மி.மீ. மோட்டார் காயில் கட்டும் கடையில் 28 கேஜ் வயர் கேளுங்கள், அதே தடிமன்தான். செம்பு என்பதால் வளையும். ஒரு முனையை வைஸில் இறுக்கி, மறுமுனையைக் கட்டிங் பிளேயரால் லேசாக நீளும்வரை இழுங்கள்; நேராகும், விறைப்பும் ஏறும். மேல்பூச்சைச் சுரண்டாவிட்டால் ஈயம் ஒட்டாது. துளைக்கு 0.45 மி.மீ. பிட்.

கேள்வி (சோழவந்தான்): ரயில் கைகாட்டிக்கு (கை ஏறி இறங்கும் பழைய சிக்னல்) நிறம் எந்த வரிசையில்?

பதில்: நிறுத்தக் கைகாட்டியின் முன்பக்கம் சிவப்பு, முனையருகே வெள்ளைப் பட்டை. பின்பக்கம் வெள்ளை, அதில் கறுப்புப் பட்டை. முதலில் முழுக்க வெள்ளை அடித்து, பட்டை வரும் இடத்தில் டேப் ஒட்டி, பிறகு சிவப்பு. மாற்றிச் செய்தால் வெள்ளைக்கு அடியில் சிவப்பு தெரிந்து பட்டை ரோஜா நிறமாகும். மண்ணெண்ணெய் விளக்குக் காலத்து மாடல் என்றால் கைகாட்டி விளக்கின் பச்சைக் கண்ணாடியில் சுத்தப் பச்சை வேண்டாம், நீலம் கலந்த பச்சை பூசுங்கள். மஞ்சள் சுடர் அதன் வழியே வரும்போதுதான் பச்சையாகத் தெரிந்தது.