கேளுங்கள், சொல்கிறோம்: மலைச்சரிவில் ஒரு திராட்சை ஊர்

சென்ற இதழில் ஜெர்மனியின் மைஷோஸ் கிராமத்தில் உலகின் மிகப் பழைய ஒயின் கூட்டுறவுச் சங்கம் இருப்பதாக ஒரு வரி போட்டிருந்தீர்கள். அது ஏன் அங்கே தோன்றியது? நம் ஊர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

தனி ஆளாக விலை பேச முடியாததுதான் காரணம். ரைன் நதியில் கலக்கும் ஆர் ஆற்றங்கரையில், ஏறக்குறைய ஆயிரம் பேர் வாழும் ஊர் மைஷோஸ். தகப்பன் நிலத்தைப் பிள்ளைகள் சமமாகப் பிரித்துக்கொண்டே வந்ததில், ஒவ்வொருவருக்கும் மிஞ்சியது சரிவுக்கு ஒன்றாகச் சில துண்டுகள்தான். சொந்தமாக நிலவறையும் பீப்பாய்களும் வைத்து ஒயினைச் சில காலம் வைத்திருந்து விற்க வசதியில்லாதவர், வியாபாரி சொன்ன விலைக்கே தள்ளிவிட வேண்டியிருந்தது. மாங்காய் சீசனில் கூழ் ஆலை வாசலில் லாரியோடு காத்து நிற்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1868-ல் சங்கம் பிறந்தது. இப்படிப்பட்ட சங்கத்துக்கு உறுப்பினர் ஒயின் தருவதில்லை, பழம் தருகிறார். எடை போட்டதும் சாற்றின் இனிப்பை 'எக்ஸ்லே' அளவில் பார்ப்பார்கள். ஒரு லிட்டர் சாறு ஒரு லிட்டர் தண்ணீரைவிட எத்தனை கிராம் கனமோ, அத்தனை எக்ஸ்லே. 1,090 கிராம் இருந்தால் 90. எடைக்கும் இனிப்புக்கும் சேர்த்துத்தான் பணம், அதுவும் தவணையாக. நல்ல பழத்தை வெளியில் விற்றுவிட்டு சொத்தையைச் சங்கத்தில் கொட்ட ஆரம்பித்தால் மொத்த ஒயினும் தரம் இறங்கும். சங்கம் கெடுவது இங்கேதான். அதனால் விளைச்சல் முழுவதையும் சங்கத்துக்கே தர வேண்டும் என்று ஜெர்மன் ஒயின் சங்கங்கள் விதியிலேயே எழுதி வைப்பது வழக்கம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: நேரடித் தொடர்பு இல்லை, ஆனால் இரண்டும் ஒரே காற்றில் முளைத்தவை. ரைனின் எதிர்க்கரையில், ஹெட்டஸ்டோர்ஃப் ஊரின் மேயராக இருந்த ராய்ஃபைசன் 1864-ல் கிராமக் கடன் சங்கம் தொடங்கினார். சென்னை மாகாண அரசு அனுப்பிய பிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பாவில் இத்தகைய சங்கங்களை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் அறிக்கை தந்தார். 'ராய்ஃபைசனைத் தேடுங்கள்', அதாவது அவரைப் போன்ற ஆளைக் கண்டுபிடியுங்கள் என்பதே அவர் யோசனையின் சாரம். 1904-ன் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் அதையொட்டி வந்தது.

எங்கள் காட்டில் கல் அடுக்கிய கரை மழைக்கு மழை சரிகிறது. அங்கே திராட்சைச் சரிவுகளில் சிமென்ட் இல்லாத கற்சுவர்கள் நிற்கின்றனவாமே, எப்படி?
– வாசகர், பென்னாகரம்

சிமென்ட் இல்லாததால்தான் நிற்கின்றன. பின்னால் சேரும் நீர் கல்லிடுக்கு வழியே வடிந்துவிடும். பூசி அடைத்தால் நீர் தேங்கித் தள்ளும், சுவர் நடுவில் வயிறு தள்ளி ஒருநாள் விழும். அடியில் பள்ளம் தோண்டி இருப்பதிலேயே பெரிய கற்களைப் பதியுங்கள். கல்லின் நீளம் மண் பக்கமாக உள்ளே போக வேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்கிறதென்று நீளத்தை வெளியே காட்டினால் வரிசை உரிந்து வந்துவிடும். கீழ்வரிசையின் இணைப்பு மேல்கல்லின் நடுவில் வரட்டும். மீட்டர் உயரத்துக்கு 10 முதல் 15 செ.மீ. வரை மேட்டுப் பக்கம் சாய்த்துக் கட்டுங்கள். சுவருக்கும் மண்ணுக்கும் இடையே ஓர் அடி அகலத்துக்கு உடைகல் கொட்டுங்கள். பலர் மிச்சம் பிடிப்பது இந்த இடத்தில்தான். வெறும் மண்ணை நிரப்பினால் அது நனைந்து பருத்துச் சுவரைத் தள்ளும். அங்கே கிடைப்பது பலகை பலகையாகப் பிளக்கும் ஸ்லேட் கல், அடுக்குவது எளிது. நம் பக்கத்து உருண்டைக் கல்லை அப்படியே அடுக்காதீர்கள், ஒரு முகமாவது உடைத்துத் தட்டையாக்குங்கள்.

டிராக்டர் ஏறாத சரிவில் வருடம் முழுக்க என்ன வேலை?
– வாசகி, ஓசூர்

செங்குத்துச் சரிவில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 400 மணி நேரத்துக்கு மேல் ஆள் வேலை பிடிக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை கவாத்து. ஒவ்வொரு செடியிலும் ஒன்றிரண்டு கிளைக்கொடிகளை 8 முதல் 12 மொட்டுகளோடு விட்டு, மற்றதையெல்லாம் வெட்டிவிடுவார்கள். விட்ட கொடியை வளைத்துக் கட்டுவதற்குத்தான் கைப்பழக்கம் வேண்டும். காய்ந்த நாளில் வளைத்தால் படக்கென்று ஒடியும். சாறு ஏறத் தொடங்கியபின், ஈரமான நாளாகப் பார்த்து வளைப்பார்கள். மே நடுவாக்கில் கடைசி உறைபனி விழுந்தால் துளிர் கருகும். ஜூனில் பூ, அதற்குச் சுமார் 100 நாள் கழித்து அறுவடை.

2021 வெள்ளத்தில் மைஷோஸ் அழிந்துவிட்டதா?
– வாசகர், பாலக்கோடு

அழியவில்லை, ஆனால் அடி பலமானது. ஜூலை 14 இரவு வந்த வெள்ளத்தில் ஆர் பள்ளத்தாக்கில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேலே சரிவில் இருந்த கொடிகள் பெரும்பாலும் தப்பின. ஆற்றோரத்து நிலவறைகளும் இயந்திரங்களும் சேற்றில் மூழ்கின, அதுவும் அறுவடைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது. சேறு படிந்த பாட்டில்களைக் கழுவாமலேயே 'வெள்ள ஒயின்' என்று விற்றுச் சீரமைப்புக்குப் பணம் திரட்டினார்கள்.

அங்கே பெயர்பெற்ற பினோ நுவார் திராட்சை ரகத்தைக் கிருஷ்ணகிரியில் நடலாமா?
– வாசகர், பர்கூர்

வேண்டாம். குளிரில் இலை உதிர்த்து உறங்கி எழும் கொடி அது. அந்த உறக்கம் கிடைக்காவிட்டால் மொட்டுகள் ஒரே சமயத்தில் விடாது, குலைகள் முன்னும் பின்னுமாகப் பழுக்கும். தோலும் மெல்லியது, குலையும் நெருக்கமானது. பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் உள்பழம் வெடித்துக் குலையே அழுகும். வீட்டுப் பந்தலுக்குப் பன்னீர் திராட்சையே போதும்.