சிங்களத்தில் இருந்த அந்தத் தாள்

பட்டிப்பொலப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அரச கூட்டுத்தாபனம் ஒன்றின் பைனஸ், கருப்பந்தைலக் காடுகளில் அவரும் அவருடைய மனைவியும் உட்பட 22 பேர் பதினொரு வருடங்களாக நாட்கூலிக்கு வேலை செய்திருக்கிறார்கள். நாற்றுமேடை, குழிவெட்டு, கொடி அறுப்பு, கோடைக்கு முன் தீ பரவாமல் ஒழுங்கை வெட்டுவது என்று காட்டு வேலை முழுவதும் இவர்கள் கையில்தான் இருந்திருக்கிறது. முதல் ஒன்பது வருடங்கள் கூட்டுத்தாபனமே சம்பளம் கொடுத்தது. கடைசி இரண்டு வருடங்கள் ஒரு கொந்தரப்புக்காரரின் கையால் சம்பளம் வந்தது. கடந்த மார்ச் 31 ஆம் திகதியோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. புதிதாக டெண்டர் எடுத்தவர் வேறு மாவட்டத்து ஆட்களை லொறியில் கொண்டுவந்து இறக்கினார். இந்த 22 பேரில் ஒன்பது பேரை மட்டும் சேர்த்துக்கொள்ளத் தயார் என்கிறார். டெண்டரை நீதிமன்றத்தால் இரத்துச் செய்விக்க முடியுமா, உள்ளூர் மக்களுக்கே காட்டு வேலை என்று ஆணை பெற முடியுமா என்பன வாசகரின் கேள்விகள்.

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். வெளியாட்களுக்குக் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது, ஒழுங்கையைச் சரிவில் எங்கே வெட்ட வேண்டும் என்று தெரியாது, ஆடி ஆவணியில் ஒரு பீடித்துண்டு போதும் மலையே எரிந்துவிடும் என்று நீங்கள் எழுதியிருப்பது உண்மை. அந்தப் பக்கத்து மலைகளில் எரிந்து கருகிய பைனஸ் சரிவுகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த உண்மையை வைத்து வழக்கு நடத்த முடியாது. ஒரு பகுதியின் காட்டு வேலை அந்தப் பகுதி மக்களுக்கே உரியது என்று சொல்லும் சட்டம் இந்த நாட்டில் இல்லை. டெண்டரை எதிர்த்து, அரச நிறுவனத்தின் முடிவை இரத்துச் செய்யக் கோரும் எழுத்தாணை மனுப் போடுவதென்றால் கொழும்பு வரை போக வேண்டும். டெண்டரில் கலந்துகொள்ளாத நீங்கள், அதன் நடைமுறையில் இன்ன விதி மீறப்பட்டது என்று காட்டவும் வேண்டும். உங்கள் கடிதத்தில் அதற்கு ஓர் எழுத்துக்கூட ஆதாரமில்லை. அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரை கொடுத்திருக்கும் ஒரு மாதம் சித்திரையோடு போய்விட்டது. முகாமையாளர் உங்களைத் தரக்குறைவாகப் பேசியது, பழைய கங்காணியின் மகனுக்கு மட்டும் வேலை கிடைத்தது, பிரதேச சபை உறுப்பினர் வாக்குக் கொடுத்து ஏமாற்றியது ஆகியவற்றை இத்தோடு ஒதுக்கி வையுங்கள். அவை உங்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும். வேலை இழந்தவர்கள் நிவாரணம் கேட்டுப் போகும் தொழில் நியாய சபையில் அவற்றுக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது.

சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும் ஒரே வரி உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில், போகிற போக்கில் எழுதப்பட்டிருக்கிறது: “இரண்டு வருசத்துக்கு முன்னுக்கு ஒபிசில கூப்பிட்டு, சிங்களத்தில இருந்த ஒரு தாள்ல எல்லாரும் கையெழுத்து வச்சோம்.” அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது?

உங்கள் வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் தங்கியிருக்கிறது. கூட்டுத்தாபனத்திடம் உங்கள் வேலை எந்த நாளில் முடிந்தது? மார்ச் 31 என்றால், கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவு தரும் ஆறு மாதத்துக்குள் நீங்கள் இன்னும் நிற்கிறீர்கள். அந்தத் தாளில் நீங்களாகவே விலகுவதாகவோ, கொந்தரப்புக்காரரிடம் புதிதாகச் சேருவதாகவோ எழுதியிருந்தால், உங்கள் வேலை இரண்டு வருடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது, கெடுவும் எப்போதோ கடந்துவிட்டது என்று கூட்டுத்தாபனத்தின் சட்டத்தரணி எழுந்து சொல்வார். அவர் சொல்லப்போகும் முதல் வாக்கியமே அதுதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பதில் இல்லாமல் இல்லை. சட்டத்தில் “தொழில்தருநர்” என்ற சொல், தாமே ஆளை அமர்த்துபவரை மட்டும் குறிப்பதில்லை. எவர் சார்பாக இன்னொருவர் ஆளை அமர்த்துகிறாரோ அவரையும் குறிக்கிறது. மலையகத்து மக்களுக்கு இது புதிய விடயமே இல்லை. கங்காணி பேர் போட்டான், கங்காணி காசு கொடுத்தான், ஆனால் வேலை தோட்டத்துக்குத்தான் நடந்தது. இரண்டு வருடமாகக் கொந்தரப்புக்காரர் கடித உறையில் காசு கொடுத்தார் என்கிறீர்கள். சரி. காலையில் எந்தச் சரிவுக்குப் போக வேண்டும் என்று சொன்னது யார்? கத்தியும் மண்வெட்டியும் யாருடைய களஞ்சியத்திலிருந்து வந்தன? வேலை சரியில்லை என்று அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி, போட்டது யார்? இந்த மூன்றுக்கும் கூட்டுத்தாபனத்தின் வெளிக்கள உத்தியோகத்தர் என்பது பதிலானால், கொந்தரப்புக்காரர் வெறும் சம்பள உறையாகத்தான் இருந்தார், உங்கள் தொழில்தருநர் மாறவேயில்லை என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. ஒப்பந்தத்தில் எதிராக என்ன எழுதியிருந்தாலும் நிவாரணம் வழங்கும் அதிகாரத்தைச் சட்டம் நியாய சபைக்குக் கொடுத்திருக்கிறது. வாசிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்து வாங்கியதும் அங்கே எடைபோடப்படும். ஆனால் சாதாரண நீதிமன்றத்தில் கையெழுத்து வைத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்றே தொடங்குவார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் கடிதம் முழுவதும் “வன இலாகா” என்றே எழுதியிருக்கிறீர்கள். ஊரில் காடு சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர்தான். நீங்கள் அனுப்பிய ஊழியர் சேமலாப நிதிக் கூற்றின் படத்தில் இருப்பதோ கூட்டுத்தாபனத்தின் பெயரும் இலக்கமும். இந்த வேறுபாடு சிறியதல்ல. அரசாங்கம் நேரடியாகத் தொழில்தருநராக இருக்கும் திணைக்களங்களுக்குக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் பொருந்தாது என்று அதன் 49 ஆவது பிரிவு சொல்கிறது. விண்ணப்பத்தில் “வன இலாகா” என்று எழுதினால், நியாய சபையின் கதவை நீங்களே உங்கள் முகத்தில் சாத்திக்கொண்டதாகிவிடும்.

இனி, என்னிடம் வந்தவர்கள் திரும்பத் திரும்ப விழுந்த குழியைச் சொல்கிறேன். இந்தப் பதிலை எழுதியதே அதற்காகத்தான்.

வேலை போனவர்கள் முதலில் கொந்தரப்புக்காரரைத்தான் பிடிப்பார்கள். ஏனென்றால் முகம் தெரிந்த ஆள் அவர், காசு கொடுத்தவரும் அவர். அவரை மட்டும் எதிராளியாகப் போட்டு விண்ணப்பம் தாக்கல் செய்வார்கள். அவர் இரண்டு தவணைக்கு வரமாட்டார். மூன்றாம் தவணைக்கு வந்து, “நான் ஆள் பிடித்துக் கொடுத்தவன் மட்டும்தான், கட்டளையெல்லாம் கூட்டுத்தாபனம்” என்பார். அதைக் கேட்டுவிட்டுக் கூட்டுத்தாபனத்தின் பக்கம் திரும்பும்போது ஆறு மாதம் முடிந்திருக்கும். மறுபக்கமாக, கூட்டுத்தாபனத்தை மட்டும் போட்டவர்களும் இருக்கிறார்கள். கூட்டுத்தாபனம் ஒப்பந்தப் பிரதியைக் கொண்டுவந்து, இவர்கள் எங்கள் ஆட்களே இல்லை என்று நிரூபித்துவிட்டால், கொந்தரப்புக்காரரிடம் போகவும் காலம் இருக்காது. இருவரையும் ஒரே விண்ணப்பத்தில் முதலாம், இரண்டாம் எதிராளிகளாகப் போடுங்கள். அவர்கள் ஒருவரையொருவர் கைகாட்டும்போது உங்களுக்குத் தேவையான சாட்சியம் அவர்கள் வாயிலிருந்தே வரும்.

இரண்டாவது, 22 பேரும் பெருவிரல் அடையாளமும் கையெழுத்துமாகச் சேர்ந்து அனுப்பிய மகஜரைப் பற்றியது. மாவட்டச் செயலாளர், அமைச்சு, மனித உரிமைகள் ஆணைக்குழு என்று மூன்று இடத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள். தொழிற்சங்கத் தலைவர் “பேசிக்கொண்டிருக்கிறோம், பொறுங்கள்” என்கிறார். இவற்றில் எதுவும் அந்த ஆறு மாதத்தை ஒரு நாள்கூட நிறுத்தாது. கடிதம் என் கைக்குக் கிடைத்தது ஆகஸ்ட் நடுப்பகுதியில். உங்கள் கடைசி நாள் செப்டெம்பர் 30. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது என்று காரணம் சொல்லி அந்தக் கெடுவை நீட்டிக்கொள்ளலாம் என நம்பி வந்தவர்கள் வெறுங்கையோடு பஸ் ஏறிப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை பதினான்கு பேர். அவர்களில் ஒருவருக்குக்கூட வழக்கின் நியாயத்தில் குறையில்லை. அத்துடன் நியாய சபைக்குக் கூட்டு மகஜர் செல்லாது. தொழிலாளி ஒவ்வொருவரும் தனித்தனியாகவோ, அவர் அங்கத்துவம் வகிக்கும் தொழிற்சங்கம் அவர் சார்பாகவோ விண்ணப்பிக்க வேண்டும். அதாவது 22 விண்ணப்பங்கள். தலைவர் பேசட்டும், அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பங்களும் உள்ளே போகட்டும்.

மூன்றாவதுதான் இன்றைக்கு உங்கள் வாசற்படியில் நிற்கும் ஆபத்து. புதிய கொந்தரப்புக்காரர் ஒன்பது பேரைச் சேர்க்கிறேன் என்று ஒரு படிவம் நீட்டுகிறார். வயிற்றுப்பாட்டுக்காக அந்த ஒன்பது பேரும் போக வேண்டியிருந்தால் நான் தடுக்க மாட்டேன். பிள்ளைக்குப் பால்மா வாங்க வேண்டிய மனிதரிடம் சட்டம் பேசி நிறுத்தி வைக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தப் படிவம் தமிழில் இல்லாவிட்டால், தமிழில் வாசித்துக் கேட்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். “முந்தைய சேவை தொடர்பாக எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் அதை வெட்டச் சொல்லுங்கள். வெட்ட மறுத்தால் கையெழுத்துக்கு மேலே, “2014 முதல் மார்ச் 31 வரையிலான எனது உரிமைகளைப் பாதிக்காத வகையில்” என்று உங்கள் கைப்படத் தமிழில் எழுதி, திகதியும் இட்டு, கைத்தொலைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு உங்கள் ஒவ்வொருவருக்கும் எதுவோ அதைப் போடவும். எத்தனை பேரை அவர் தம் பெயரில் பதிகிறார் என்பதையும் கவனியுங்கள். பன்னிரண்டு பேரைத் தம் பெயரிலும் பத்துப் பேரை மைத்துனர் பெயரிலும் பிரித்துப் பதிவதைப் பார்த்திருக்கிறேன். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டமும் (வேலை முடியும்போது சேவைக்காலத்துக்குத் தரும் தொகை பற்றியது), தனியார் தொழில்தருநர் ஆட்களை நிறுத்த ஆணையாளரின் அனுமதி வேண்டும் என்னும் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டமும் 15 பேர் என்ற எண்ணில்தான் உயிர்பெறுகின்றன. அந்தப் பிரிப்பு தற்செயலாக நடப்பதில்லை.

இளைஞர்கள் மர லொறிகளை மறிக்கப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அன்றோடு இது தொழில் வழக்காக இருக்காது. நீங்கள் நீதவான் நீதிமன்றத்தில் பிணைக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இனி, நீங்கள் கேட்க விரும்பாததைச் சொல்கிறேன். வழக்கில் வென்றாலும் பழைய வேலை திரும்பக் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. வேலையே வெளியாருக்குப் போய்விட்ட இடத்தில் நியாய சபை மீள அமர்த்துவதற்குப் பதிலாக நட்டஈடு கொடுக்கவே பெரும்பாலும் முனையும். அதற்கு எதிராகக் கூட்டுத்தாபனம் மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்கும் போகும். கூட்டுத்தாபனத்துக்கு வருடங்கள் கரைவதில் கவலையில்லை. உங்கள் குழுவில் மூவருக்கு ஐம்பத்தைந்து வயது கடந்துவிட்டது.

ஆகவே விண்ணப்பங்களைத் தாக்கல் செய்துவிட்டு, முதல் தவணையிலேயே சமரசத்துக்குத் தயாராகப் போங்கள். ஒன்பது வருடத்துக்குப் பணிக்கொடை தருவதாக முகாமையாளர் வாய்மொழியாகச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் தாராளம் என்று எண்ண வேண்டாம். நாட்கூலிக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் கூலி என்பது சட்டம். ஒன்பது வருடமென்றால் 126 நாள்; அதையும் இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆயிரம் ரூபாக் கூலியில் கணக்கிட்டால் 126,000 ரூபா. பதினொரு வருடமும் ஏற்கப்பட்டால் 154 நாள். இன்றைய 1,500 ரூபாக் கூலியில் 231,000 ரூபா. இந்த 105,000 ரூபா வித்தியாசத்தைவிடப் பெரியது, ஒன்பது வருடத்தை நீங்கள் ஒப்புக்கொண்டால் கூடவே கைவிட்டுப்போகும் விடயம்: வேலை இரண்டு வருடத்துக்கு முன்பே முடிந்தது என்று நீங்களே எழுதிக்கொடுத்ததாகிவிடும். பதினொரு வருடத்தை ஏற்று, அந்தப் பணிக்கொடையையும் ஆளுக்கு ஆறு மாதக் கூலியளவு நட்டஈட்டையும் எழுத்தில் தந்தால், ஏற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். அதற்குக் குறைந்தால் வழக்கு நடக்கட்டும்.

சேமலாப நிதியைச் சமரசத் தொகைக்குள் போட்டுக் கலக்க விடாதீர்கள். கடைசி இரண்டு வருடத்துக்கு உங்கள் கணக்கில் ஒரு சதமும் விழவில்லை என்று கூற்றில் தெரிகிறது. தற்காலிகமோ நாட்கூலியோ, வேலை செய்த முதல் நாளிலிருந்தே 12 சதவீதம் தொழில்தருநரும் 8 சதவீதம் ஊழியரும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் செலுத்தும் 3 சதவீதம் தனி. இதற்கான முறைப்பாட்டை மாவட்டத் தொழில் அலுவலகத்தில் தனியாகக் கொடுங்கள். அங்கே இந்த ஆறு மாதக் கெடு கிடையாது.

அந்தத் தாளின் பிரதியையும் இரண்டு வருட வரவுப் பதிவுகளையும் 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். பதிலுக்காகக் காத்திருந்து செப்டெம்பரைத் தவறவிட வேண்டாம். தாள் பிறகு வந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம். அதுவரை, உங்கள் மனைவி நாற்றுமேடையில் பேர் குறித்து வைத்த அந்தப் பழைய கொப்பியைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில், பிசின் ஒட்டிய பக்கத்தின் ஓரத்தில், கடந்த நவம்பர் மாதத் திகதிகளுக்கு நேரே கூட்டுத்தாபன உத்தியோகத்தரின் நீலப் பென்சில் ஒப்பம் தெரிகிறது. அது கொந்தரப்புக்காரர் சம்பளம் கொடுத்த காலம். அந்தக் கொப்பியின் மூலப்பிரதியைச் சங்கத்துக்கோ கிராம சேவகருக்கோ கொடுக்க வேண்டாம். பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு, மூலத்தை நியாய சபைக்கு நீங்களே கையில் கொண்டு வாருங்கள்.