பொடியைக் குறைத்தால் கசப்பு கூடும்

கேள்வி: சிங்கப்பூர் தேக்காவில் வாங்கும் பொடியை எவர்சில்வர் ஃபில்டரில் போட்டுக் காப்பி கலக்கிறேன். கொஞ்ச நாளாக ஒரே கசப்பு. பொடியை நான்கு கரண்டியிலிருந்து இரண்டாகக் குறைத்தேன். கசப்பு இன்னும் அதிகமாகிவிட்டது. பித்தளை ஃபில்டருக்கு மாறினால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
- வாசகி, யீஷூன்

பதில்: வாங்காதீர்கள். பித்தளைக்கும் கசப்புக்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் பொடியைப் பாதியாக்கிவிட்டுத் தண்ணீரை மட்டும் பழைய அளவிலேயே ஊற்றுகிறீர்கள். கோளாறு அங்கேதான். பொடியிலிருந்து முதலில் கரைந்து வருவது புளிப்பும் மணமும். அடுத்து இனிப்பு. கசப்பும் துவர்ப்பும் கடைசியில்தான் இறங்கும். பொடி குறைவாக இருந்தால் நல்லதெல்லாம் சீக்கிரமே வந்துவிடும். மிச்சத் தண்ணீர் சக்கையிலிருந்து கசப்பைத்தான் இழுத்து வரும்.

அதனால் பழையபடி நான்கு மேசைக்கரண்டி போடுங்கள், தலைதட்டி. சுமார் 20 கிராம் வரும். சமையல் தராசு இருந்தால் நிறுத்தே போடுங்கள். தண்ணீர் 130 மில்லி. அதில் 40 மில்லியைச் சக்கை உறிஞ்சிக்கொள்ளும், 90 மில்லி டிகாக்‌ஷன் கிடைக்கும். இரண்டு பேருக்குத் தாராளம். அது தீர்ந்ததும் அதே சக்கையில் மறுபடி வெந்நீர் ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். இரண்டாம் டிகாக்‌ஷனில் கசப்பைத் தவிர வேறெதுவும் இருக்காது.

அடுத்தது தண்ணீரின் சூடு. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், அங்கே தளதளவென்று ஊற்றினாலும் பொடி தாங்கும். சிங்கப்பூர் கடல் மட்டத்தில் இருக்கிறது, இங்கே கொதிநீர் 100 டிகிரி. அடுப்பை அணைத்து, மூடியைத் திறந்து, ஒரு நிமிடம் விட்டு ஊற்றுங்கள். மின்சார வெந்நீர்க் குடுவை வைத்திருந்தால் 90 டிகிரியில் வையுங்கள். முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, அரை நிமிடம் கழித்து மீதியை ஊற்றவும். 15 முதல் 20 நிமிடத்துக்குள் இறங்கி முடிந்தால் சரி. ஐந்தே நிமிடத்தில் இறங்கினால் அரைப்பு பருமன், காப்பி சப்பென்று புளிக்கும். முக்கால் மணி நேரம் சொட்டினால் அரைப்பு மிக நைஸ், கசக்கும். பொடியை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். மெல்லிய மணல்போல் நெருடவேண்டும். ரேகைக்குள் மாவாக அப்பிக்கொண்டால் அது ஃபில்டருக்கு அரைத்ததல்ல.

சிக்கரி கலந்த பொடிக்கு மட்டும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சிக்கரி தண்ணீரில் மளமளவென்று கரையும், அதன் கசப்புக்குச் சூடோ நேரமோ பெரிய தடையில்லை. எனவே 40 சதவீதம் சிக்கரி உள்ள பொடிக்கு 90 டிகிரியும் 96 டிகிரியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கசப்பைக் குறைக்கப் பொடியைத்தான் மாற்றவேண்டும், காப்பி 80, சிக்கரி 20 சதவீதம் உள்ள கலவைக்குப் போங்கள். இன்னொன்று, சிக்கரி ஊறிப் பிசுபிசுத்துத் துளையை அடைக்கும். அத்தகைய பொடியை ஃபில்டருக்குள் வைக்கும் துளைத்தட்டால் அழுத்தவே கூடாது, மேலே சும்மா வைத்தால் போதும். கலப்பில்லாத பொடியை மட்டும் லேசாக அழுத்தலாம்.

என்னைக் கோபப்படுத்துவது பொட்டல விஷயம்தான். இந்தியாவில் அடைத்த பொட்டலத்தில் காப்பி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். பெரிய மூட்டையைப் பிரித்து, சின்னப் பைகளில் கட்டி, ‘ஸ்பெஷல் பீபெரி’ (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை) என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கும்போது அந்த விவரம் காணாமல் போகிறது. இணையத்தில் வீட்டுத் தயாரிப்பு என்று விற்பவர்களிடமும் இதே கதை. காலாவதித் தேதி அச்சிடுகிறவர்கள் வறுத்த தேதியை ஏன் அச்சிடக்கூடாது? யாரும் வற்புறுத்துவதில்லை, அதனால் போடுவதில்லை. நட்டம் வாங்குகிறவருக்கு.

இதைவிட மோசம், உள்ளூர்க் கோப்பித்தூளை ஃபில்டர் காப்பிப்பொடி என்று தலையில் கட்டுவது. கோப்பிக்கடைத் தூள் பெரும்பாலும் ரொபஸ்டா கொட்டை, சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்தது. கெட்டிப்பாலோடு குடிக்க அது அருமை. ஃபில்டரில் போட்டால் கருகிய சர்க்கரையின் கசப்பு எந்தச் சூட்டிலும் போகாது. ஒரு கண்ணாடிக் குவளையில் குளிர்ந்த நீர் ஊற்றி, பொடியை ஒரு சிட்டிகை தூவுங்கள். காப்பி மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு இழுத்தபடி சில விநாடிகளில் கீழே இறங்கும். கருகிய சர்க்கரையும் உடனே நிறத்தை விடும். பொட்டலம் சொல்லாததை இது சொல்லிவிடும்.

ஃபில்டரையும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். துளைகள் அடைபட்டிருந்தால் டிகாக்‌ஷன் நேரமெடுத்துச் சொட்டும். பழைய காப்பி எண்ணெய் சிக்கடித்துக் கசப்பைக் கூட்டும். சோடா உப்பு போட்ட வெந்நீரில் அரை மணி ஊறவைத்துத் தேயுங்கள்.

டிகாக்‌ஷனைத் திரும்பச் சுடவைக்காதீர்கள், பாலை மட்டும் சூடாக்கி ஊற்றுங்கள். இங்கே காற்றில் ஈரம் அதிகம், ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் பொடி வாங்கவேண்டாம். முதலில் பொடி, தண்ணீர் அளவை மட்டும் மாற்றி மூன்று நாள் குடித்துப் பாருங்கள். அப்போதும் கசந்தால் சூட்டைக் குறையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கடையை மாற்றுங்கள்.