மாத்திரை டப்பாவையும் எடுத்து வாருங்கள்: நெஞ்சுப் படபடப்பு குறித்துச் சில கேள்விகள்

தக்கலைப் பக்கம் எங்கள் ஊர் வாசகசாலையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுவது வழக்கம். நெஞ்சுத் துடிப்பு தப்புவதற்கும் சாப்பாட்டுக்கும் வயிற்றுக்கும் உள்ள சம்பந்தம்தான் இந்த மாதப் பேச்சு என்று சொல்லியிருந்தோம். கேள்வி எழுதிப் போடும் சீட்டுப் பெட்டி நிறைந்துவிட்டது. நான் இதயப் பிரிவில் 22 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ், மருத்துவர் அல்ல. 50 வயதுக்கு மேல் எனக்கும் துடிப்பு தப்பும் தொல்லை வந்தது. அதனால் சொந்தக் கதையும் நடுவில் வரும்.

கருங்கல், கடைக்காரர், 46 வயது: சிஸ்டர், ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நெஞ்சு ஒரு நொடி நின்று, அப்புறம் ‘டங்’ என்று அடிக்கிறது. வீட்டில் வாயு என்கிறார்கள். உண்மையா?

நின்றது போலத் தோன்றுகிறதே தவிர நிற்கவில்லை. ஒரு துடிப்பு தன் முறை வருவதற்கு முன்பே முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. அது பலமில்லாதது, பெரும்பாலும் உங்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு இதயம் சற்று அதிகமாக இடைவெளி விடுகிறது. அந்த நேரத்தில் ரத்தம் கூடுதலாக நிரம்பிவிடுவதால் அடுத்த அடி பலமாக விழுகிறது. நீங்கள் சொல்லும் ‘டங்’ அதுதான். எக்டோபிக் என்று இசிஜி தாளில் எழுதுவார்கள். 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி மாட்டிப் பார்த்தால், ஒரு நோயும் இல்லாதவர்களுக்குக்கூட இப்படிச் சில துடிப்புகள் இருக்கும்.

வாயு என்று சொல்வதில் பாதி உண்மை. உணவுக்குழாய் இதயத்தின் இடது மேலறைக்கு நேர் பின்னால்தான் இறங்குகிறது. இரைப்பைக்கும் இதயத்துக்கும் நடுவே இருப்பது உதரவிதானம் மட்டும். போதாததற்கு, வேகஸ் என்ற ஒரே நரம்பு இரண்டுக்கும் கிளை விடுகிறது. வயிறு உப்பினால் துடிப்பு தப்பும் இந்தத் தொல்லைக்கு ரோம்ஹெல்ட் என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் கல்யாணச் சாப்பாட்டில் போளியும் பால்பாயசமும் ஒரு கை பார்த்துவிட்டுப் படுத்தால் அன்றைக்கு ராத்திரி நிச்சயம் வரும். இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கு மாற்றி, அளவையும் குறைத்த பிறகு முக்கால்வாசி அடங்கிவிட்டது. படுக்கும் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. இடப்பக்கம் படுத்தால் நெஞ்செரிச்சல் குறையும், ஆனால் இதயம் விலாவை ஒட்டி வருவதால் துடிப்பு அதிகமாகத் தெரியும். தலைமாட்டுக் கட்டில் காலுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினால் இரண்டுக்கும் நல்லது.

மற்றப் பாதி ஆபத்து. விடியற்காலை நெஞ்சு அழுத்துகிறது என்று சோடா குடித்து, ஓமத்தண்ணீர் குடித்து, பூண்டு சுட்டுத் தின்று, ஒன்பது மணிக்கு மேல் வார்டுக்கு வந்தவர்களை எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன். சிலர் நடந்து வந்தார்கள், நடந்து திரும்பவில்லை. வேர்த்துக் கொட்டுவது, மூச்சு முட்டுவது, தாடைக்கோ கைக்கோ வலி ஏறுவது, கண் இருட்டி விழுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அது வாயு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

பூதப்பாண்டி, ஓய்வு பெற்ற ஆசிரியர், 68 வயது: சாதாரணத் தப்பலுக்கும் ஆபத்தானதற்கும் வித்தியாசம் வீட்டிலேயே தெரியுமா?

ஓரளவு தெரியும் சார். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு முழு நிமிஷம் பாருங்கள். தாளம் ஒழுங்காகப் போய், எப்போதாவது ஒன்று விட்டுப் போனால் பெரும்பாலும் மேலே சொன்ன வகை. செண்டை பழக வந்த பையன் அடிப்பது போல எந்த ஒழுங்கும் இல்லாமல் இருந்தால் அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். அதில் மேலறை துடிக்காமல் நடுங்கும், ரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகும், கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. எந்தக் கீரையும் கஷாயமும் அந்த இடத்தில் ரத்தம் கட்டாமல் இருக்கத் தரும் மாத்திரைக்கு ஈடாகாது. உங்கள் வயதில் துடிப்பு தாளமில்லாமல் இருந்தால் அன்றைக்கே ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள்.

குலசேகரம், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, 52 வயது: நாலு வருஷமாகக் காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போடுகிறேன். அட்டையில் பேன்டோபிரசோல், டோம்பெரிடோன் என்று இருக்கிறது. இப்போது கெண்டைக்கால் பிடிக்கிறது, நெஞ்சும் படபடக்கிறது. மக்னீசியம் மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா?

அட்டையைத் திருப்பிப் பார்த்து எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. இன்று வந்த சீட்டுகளில் நான் எதிர்பார்த்திருந்த கேள்வி இதுதான். சமையலறையைச் சோதிப்பதற்கு முன்னால் மாத்திரை டப்பாவைச் சோதிக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு நீங்களே சாட்சி.

நீங்கள் போடுவது ஒரு மாத்திரை, ஆனால் உள்ளே மருந்து இரண்டு. பேன்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகையை ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் எடுத்தால் சிலருக்குக் குடல் மக்னீசியத்தை உறிஞ்சுவது குறைந்துவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2011-லேயே இதை எச்சரித்தது. அவர்கள் பார்த்தவர்களில் கால்வாசிப் பேருக்கு மக்னீசியம் கொடுத்தும் ஏறவில்லை, இந்த மாத்திரையை நிறுத்திய பிறகுதான் ஏறியது. மக்னீசியம் குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தையும் பிடித்து வைக்காமல் ஒழுகவிடும். அப்புறம் நீங்கள் எத்தனை பழம் தின்றாலும் ஓட்டைப் பானையில் ஊற்றிய கதைதான்.

டோம்பெரிடோன் குமட்டலுக்கான மருந்து. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்ததற்குத் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரத்தை அது சிலருக்கு நீட்டிவிடும். இசிஜியில் க்யூடி என்று அளப்பது அதைத்தான். அளவுக்கு மீறி நீண்டால் உயிருக்கே ஆபத்தான துடிப்பு கிளம்பலாம். 2014-ல் ஐரோப்பிய மருந்து முகமை, 10 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம், ஒரு வாரத்துக்கு மேல் பொதுவாக வேண்டாம் என்று வரம்பு கட்டியது. நீங்கள் போட்டது நாலு வருஷம். பொட்டாசியமும் மக்னீசியமும் குறைந்த உடம்பில் இந்த நீட்டம் இன்னும் மோசமாகும். ஒரு பாதி குழி தோண்டுகிறது, மறு பாதி அதில் தள்ளுகிறது.

அதற்காக நாளைக்கே தூக்கி எறிந்துவிடாதீர்கள். இந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து எரியும். குடல்புண் இருப்பவர்களுக்கும், ஆஸ்பிரின் சாப்பிடும் சிலருக்கும் அது தேவைப்படவும் செய்யும். அட்டையை மருத்துவரிடம் காட்டி, இசிஜி, மக்னீசியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் நான்கையும் பாருங்கள். ரத்தத்தில் மக்னீசியம் சரியாக இருக்கிறது என்று வந்தாலும் முழுக்க நிம்மதி கிடையாது. உடம்பில் உள்ள மொத்த மக்னீசியத்தில் ரத்தத்தில் ஓடுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கிரியாட்டினின் சரியாக இருந்தால் மட்டும் மக்னீசியம் மாத்திரை பற்றி யோசிக்கலாம். சிறுநீரகம் கெட்டிருந்தால் அது வெளியேறாமல் தேங்கிவிடும்.

இன்னொன்று. மூன்று மணிக்கு எழுந்து வெறும் வயிற்றில் கடுங்காப்பி, வெட்டு முடிந்து பதினொரு மணிக்கு மேல் ஒரு சட்டி கஞ்சி. உங்கள் பக்கத்தில் நெஞ்செரிச்சலுக்கு இந்த நேரக் கணக்கு ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. காப்பியோடு இரண்டு இட்லியாவது, ஒரு மட்டிப்பழமாவது சாப்பிட்டுவிட்டு மலை ஏறுங்கள்.

மார்த்தாண்டம், அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை பார்த்த அம்மா, 60 வயது: மக்னீசியம் எதில் இருக்கிறது? விலை கூடினதைச் சொல்லாதீங்க.

வாழ்க்கை முழுக்க நீங்கள் தோல் உரித்துக் கொடுத்த அண்டிப்பருப்பில்தான் நிறைய இருக்கிறது அம்மா, ஒரு கைப்பிடியில் 80 மில்லிகிராம் அளவுக்கு. ஆனால் அதன் விலை உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். சரி, அது இல்லாமலே சமாளிக்கலாம். நம் ஊர் கஞ்சியும் பயறும் இருக்கிறதே, சிறுபயறு நல்ல மக்னீசியச் சாப்பாடு. கேழ்வரகு, எள்ளுத் துவையல், நிலக்கடலை, முருங்கைக்கீரை எல்லாம் சேரும். தீட்டிய வெள்ளை அரிசியைவிடத் தவிடு ஒட்டிய சிவப்பரிசி மேல்.

மணவாளக்குறிச்சி, கல்லூரி மாணவி: அப்பாவுக்கு 64 வயது. சுகர், பிரஷர், கிரியாட்டினின் 2.1. இதயம் பலமாகட்டும் என்று தினமும் இரண்டு இளநீரும் ஒரு ஏத்தன்பழமும் (நேந்திரம்பழம்) கொடுக்கிறோம். நல்லதுதானே?

இன்றோடு நிறுத்து மக்களே. திட்டவில்லை, அன்பாகத்தான் கொடுத்தாய். ஆனால் இளநீர் ஒரு டம்ளரில் 400 முதல் 600 மில்லிகிராம் வரை பொட்டாசியம் இருக்கும், ஏத்தன்பழத்திலும் ஏராளம். நல்ல சிறுநீரகம் கூடுதலை வெளியே தள்ளிவிடும், அப்பாவுடையது தள்ளாது. பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். குறைந்தால் இதயம் தாறுமாறாக ஓடும், ஆறுக்கு மேல் ஏறினால் மெல்ல மெல்ல அடங்கி நின்றே போகலாம். பிரஷருக்கு டெல்மிசார்டன், எனலாபிரில், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி எதையாவது சாப்பிட்டால் இன்னும் ஏறும். சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் விற்கிறார்களே, அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம்தான். அதுவும் வேண்டாம். நாளைக்கே பொட்டாசியம் பார்த்துவிடுங்கள்.

குளச்சல், மீனவர், 39 வயது: கடலில் இருக்கும்போது வயிற்றாலே போய், வாந்தியும் எடுத்து, நெஞ்சு பறவை மாதிரி அடித்தது. என்ன செய்திருக்க வேண்டும்?

உங்களுக்கு மேலே சொன்னதற்கு நேர் எதிர். வயிற்றுப்போக்கில் பொட்டாசியமும் மக்னீசியமும் வெளியேறிவிடும், கூடவே உடம்பு வற்றும். வெறும் தண்ணீர் போதாது. ஓஆர்எஸ் பொட்டலத்தில் பொட்டாசியம் உண்டு. ஒரு லிட்டர் பொட்டலம் நாலைந்து வாங்கி வள்ளத்திலேயே வைத்திருங்கள். கரையில் இருந்தால் கஞ்சித்தண்ணியில் உப்பிட்டுக் குடிக்கலாம், சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இளநீரும் சரி.

மண்டைக்காடு: நம் மணலில் தோரியம் இருக்கிறது, அந்த மண்ணில் விளைந்த மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) இதயத்தைக் கெடுக்கும் என்று ஒருவர் சொன்னார். கதையா?

முழுக் கதை அல்ல, ஆனால் பழைய செய்தி. கேரளத்தில் ஒரு காலத்தில் ஏழை வீட்டு இளம் வயதுக்காரர்களுக்கு இதயத்தின் உள்சுவர் தழும்பு போலத் தடித்துப்போகும் நோய் இருந்தது. அதில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் வரும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் வலியத்தானும் கர்த்தாவும் 1980-களில் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். தோரியம் இருக்கும் அந்த மோனசைட் மணல் உள்ள மண்ணிலிருந்து சீரியம் என்ற தனிமம் கிழங்கு வழியாக உடம்புக்குள் போகிறது, அதோடு மக்னீசியக் குறைவும் சேரும்போது இதயத் தசை கெடுகிறது என்பது அது. கடைசிவரை அது நிரூபணமாகவில்லை. நோய் மட்டும் வெகுவாகக் குறைந்துவிட்டது, மரச்சீனியை நாம் விடவில்லை. அது மாவுச்சத்து, மக்னீசியம் கம்மி, அவ்வளவுதான். வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, சாளைக் குழம்போடு சாப்பிடுங்கள்.

இரணியல்: வால்வு மாற்றிய பிறகு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். கீரையே கூடாதா? சித்த மருந்தும் எடுக்கிறேன்.

உங்களுடையது வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் வகையாக இருக்கும். கீரையில் உள்ள வைட்டமின் கே அதற்கு எதிராக வேலை செய்யும். ஆனால் கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று இருப்பதுதான் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவை ஆட்டிவைக்கும். வாரம் இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். சித்த மருந்தில் அதிமதுரம் இருக்கிறதா என்று வைத்தியரிடம் கேளுங்கள். அது அதிகமானால் பொட்டாசியத்தை இறக்கும். டைகாக்சின் என்ற இதய மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது ரொம்ப ஆபத்து. இரண்டு மருத்துவரிடமும் இரண்டு மருந்தையும் காட்டுங்கள், மறைக்காதீர்கள்.

நாகர்கோவில்: கடுங்காப்பியை விட வேண்டுமா?

எல்லாரும் விட வேண்டியதில்லை. 2023-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் 100 பேரைக் காப்பி குடித்த நாளும் குடிக்காத நாளுமாகக் கருவி மாட்டிப் பார்த்தார்கள். மேலறைத் தப்பல் கூடவில்லை, கீழறைத் தப்பல் கூடியது, தூக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. எனக்கு நாலு மணிக்குப் பிறகு குடித்தால் ஆகாது. உங்களுக்கு எப்படி என்று இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள்.

பெயர் எழுதாத ஒரு சகோதரி: வீட்டுக்காரர் சனிக்கிழமை குடித்தால் ஞாயிறு முழுக்க நெஞ்சு அடிக்கிறது என்கிறார். எந்தச் சத்து மாத்திரை கொடுக்கலாம்?

சத்து மாத்திரை தேட வேண்டாம், பாட்டிலை நிறுத்த வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள குடிப்பழக்கக்காரர்கள் 140 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2020-ல் வந்தது. ஆறு மாதத்தில், குடியை விடச் சொன்னவர்களில் 53 சதவீதம் பேருக்கும், வழக்கம்போலக் குடித்தவர்களில் 73 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. இதை அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். தினமும் நிறையக் குடிப்பவரானால் மட்டும் மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும். திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம்.

களியக்காவிளை: மீன் எண்ணெய் மாத்திரை?

அயிலையும் நெத்திலியும் கிடைக்கிற ஊரில் எதற்கு? தினம் 4 கிராம் அளவுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கூடியிருக்கிறது. மீனைச் சாப்பிடுங்கள். கருவாடு எப்போதாவது போதும், உப்பு அதிகம்.

திங்கள்சந்தை, ஆட்டோ ஓட்டுநர், 35 வயது: ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒன்றும் இல்லை என்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் மறுபடி வருகிறது.

அது உங்கள் தவறும் இல்லை, அவர்கள் தவறும் இல்லை. இசிஜி காட்டுவது பத்து நொடியை மட்டும். ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வந்தது, திடீரென்று ஆரம்பித்ததா, நாடி நிமிஷத்துக்கு எத்தனை, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். அடிக்கும்போதே பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஒரு இசிஜி எடுக்க முடிந்தால் அந்தத் தாள் தங்கம். தைராய்டையும் ஹீமோகுளோபினையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், இளம் வயதுப் படபடப்பில் இரண்டும் அடிக்கடி மாட்டும். அடுத்த மாதம் வரும்போது நோட்டையும் டப்பாவையும் எடுத்து வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.