வாசகர் கேள்வி-பதில்: ஐப்பசியில காவிரி போதும்மா

கேள்வி: அம்மாவுக்கு எழுபது தாண்டிடுச்சு. 2025 கும்பமேளாவுக்கு பிரயாக்ராஜ் போகணும்னு ரொம்ப ஆசைப்பட்டாங்க, மூட்டு வலின்னு நாங்க அனுப்பல. இப்பவும் அதையே சொல்லி வருத்தப்படறாங்க. நதி கூடற இடம் நம்ம பக்கத்துல எங்க இருக்கு?
- வாசகி, திருவிடைமருதூர்

பதில்: நம்ம டெல்டாவுல ஆறு கூடறதைவிட பிரியறதுதான்மா அதிகம். முக்கொம்புல கொள்ளிடம் பிரியுது, கல்லணையில வெண்ணாறு பிரியுது, அப்புறம் குடமுருட்டி, அரசலாறுன்னு பிரிஞ்சு பிரிஞ்சு வயலுக்குள்ள போயிடுது, அதனாலதான் நாம சோறு சாப்பிடறோம். கூடுதுறைன்னா மேற்க பவானி ஊருக்குப் போகணும். பிரயாகையில கங்கை, யமுனையோட கண்ணுக்குத் தெரியாத சரஸ்வதி சேர்ற மாதிரி அங்க காவிரி, பவானியோட அமுதநதி சேருதுன்னு ஐதீகம். நம்ம பக்கம்னா பூம்புகார், காவிரி கடல்ல சேர்ற இடம், ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ஜனம் குவியும், ஆனா மூட்டு வலியோட அந்த அலையில இறக்கவே இறக்காதீங்க.

நான் சொல்றது மயிலாடுதுறையில இருக்கற காவிரிப் படித்துறை, துலாக்கட்டம். ஐப்பசி மாசம் கங்கை முதலான நதியெல்லாம் தன் பாவம் போக காவிரிக்கு வந்து முழுகுதுன்னு நம்ம பெரியவங்க சொல்லி வச்சிருக்காங்க, அப்ப அம்மா தேடற கங்கை இங்கயே வருதில்லையா, இதை அவங்ககிட்ட பக்கத்துல உட்கார்ந்து சொல்லுங்க. மாசக் கடைசி கடைமுகத்தன்னிக்கு மாயூரநாதர் தீர்த்தவாரிக்கு வருவார், பார்க்கக் கண் கோடி வேணும், ஆனா அன்னிக்கு நெரிசல் தாங்காது. ஐப்பசியில எந்த நாளும் துலா ஸ்நானம்தான், சாதாரண நாள்ல காலையில கூட்டிட்டுப் போங்க. படியில உட்கார வச்சு சொம்புல மொண்டு தலையில ஊத்தினாலும் ஸ்நானம்தான். மழைக்காலம்கிறதால தண்ணி எவ்வளவு வருதுன்னு மட்டும் முன்னாடியே விசாரிச்சுக்குங்க.

கேள்வி: ஐப்பசி முழுக்க போக முடியலைன்னா?
- வாசகர், குத்தாலம்

பதில்: கார்த்திகை 1 இருக்கே, முடவன் முழுக்கு! நடக்க முடியாத ஒரு பக்தர் தவழ்ந்து வந்து சேர்றதுக்குள்ள ஐப்பசி முடிஞ்சிடுச்சு, அவருக்காக சுவாமி ஒருநாள் நீட்டிக் கொடுத்தார்னு சொல்வாங்க. லேட்டா வர்றவங்களையும் விட்டுடாத ஊர் அது. அதையும் விட்டுட்டு மகாமகத்துக்குக் காத்திருக்கலாம்னா, அது கும்பகோணத்துல 2028-லதான்.

கேள்வி: குளிச்ச துணியை ஆத்துலயே விட்டாதான் தோஷம் போகும்ங்கறாங்களே?
- வாசகி, திருவையாறு

பதில்: விடாதீங்க. அந்தத் துணி படித்துறையில சிக்கி அழுகி, அடுத்து முழுகறவங்க கால்லதான் சுத்துது. ஷாம்பு பாக்கெட்டும் அப்படித்தான், தயவுசெஞ்சு அங்க சோப்பே போடாதீங்க. தானம் பண்ணணும்னு இருந்தா புதுத் துணி வாங்கி கரையில இருக்கற ஏழைங்களுக்குக் கொடுங்க, ஈரத் துணியைப் பிழிஞ்சு பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடுங்க.