பள்ளி மருத்துவ முகாமில் என் 10 வயது மகனுக்கு ரத்த அழுத்தம் 132/86 என்றார்கள். இந்த வயதில் இது வருமா, பயத்தால் ஏறியதாக விட்டுவிடலாமா?

வரும், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நான் மருத்துவர் இல்லை, இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரை வாங்க வேண்டாம். ஒன்பது வயதில் இதே நிலையில் இருந்த ஒரு பெண்ணின் தகப்பன் என்ற முறையில் மட்டும் எழுதுகிறேன்.

மூன்றாம் வகுப்பிலிருந்தே என் மகள் தலைவலி என்பாள். விளையாட்டு வகுப்பு முடிந்து வந்தால் கால் கடுக்கிறது என்பாள். பள்ளிக்குப் போகாமலிருக்கச் சொல்லும் சாக்கு என்று நான் அவளைக் கடிந்துகொண்டேன். அது இன்றும் என்னை உறுத்துகிறது. கண்ணாடி போட்டோம், தைலம் தேய்த்தோம். ஓராண்டில் மூன்று மருத்துவர்களிடம் காட்டியும், ஒவ்வொரு முறையும் எடை பார்த்தார்களே தவிர, ஒருவர்கூட ரத்த அழுத்தம் பார்க்கவில்லை. மூன்று வயது முடிந்த குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

நான்காவதாகப் பார்த்த அம்மையார் அவளை ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, சிறுவர்களுக்கான பட்டையை வலக்கையில் சுற்றிப் பார்த்தார்: 148/92. பிறகு இடுப்பு மடிப்பில் விரல் வைத்து நாடி பார்த்தார். அது மிக மெல்லியதாக இருந்தது. காலில் மேல் அளவு 96தான். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, கைகளுக்கும் தலைக்கும் கிளை பிரிந்த பின், ஓரிடத்தில் பிறவியிலேயே குறுகியிருந்தது. மேலே அழுத்தம் கூடியதால் தலைவலி, கீழே ரத்தம் போதாததால் கால்வலி. எக்கோவும் ஸ்கேனும் அதை உறுதிசெய்தன. குறுகிய இடத்தை பலூன் செலுத்தி விரித்தார்கள்.

உங்கள் மகனுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை; இது அரிது. பள்ளி வயதில் உடற்பருமனும் குடும்ப வழியும் சேர்ந்து வருவதே மிகுதி. வேறு நோயால் வருவதென்றால் பெரும்பாலும் சிறுநீரகக் கோளாறாக இருக்கும். ஒரு நாள் அளவை வைத்து நோய் என்றும் முடிவு கட்டுவதில்லை. வெவ்வேறு நாள்களில் மூன்று முறை பார்ப்பார்கள். 13 வயதுக்குக் கீழ் எல்லாருக்கும் பொதுவான ஒரே எண் கிடையாது. வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதை அட்டவணையில் பொருத்திப் பார்ப்பார்கள். கருவி தவறு என்றும் எளிதில் ஆறுதல் கொள்ளாதீர்கள்: பருமனான கைக்குச் சிறிய பட்டை கூட்டிக் காட்டும் என்பது உண்மை, ஆனால் ஒல்லியான பிள்ளைக்குப் பெரியவர்களின் பட்டையைச் சுற்றினால் அளவு குறைவாகவே காட்டும்.

“பெண் பிள்ளை, இதய நோய் என்று வெளியே சொல்லாதே, நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா” என்று உறவினர் பலர் எங்கள் வாயை அடைத்தார்கள். பிள்ளையின் நோயை அப்படி மறைத்த மற்றக் குடும்பங்களில் யாராவது ஒருவர் முன்பே பேசியிருந்தால் என் மகள் ஓராண்டு தலைவலியோடு பள்ளிக்குப் போயிருக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது; அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் போங்கள். வலக்கையில் பார்த்து அளவு கூடுதலாக இருந்தால் காலிலும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. போகும் முன், ஓடிவிட்டு வந்தால் கால் வலிக்கிறதா என்று மகனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.