பேரைச் சொல்லலாமா என்று கேட்டவருக்கு

அக்காவின் 3 வயதுப் பையன் இறந்துபோய் இரண்டு மாதம். அழுவார் என்று பயந்து வீட்டில் யாரும் அவன் பேரைச் சொல்வதில்லை, அவன் சாமான்களை ஒளித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். அவரைக் கேட்காமல் ஒரு சட்டையைக்கூடத் துவைக்காதீர்கள். பிள்ளையின் வாசனை அதில்தான் மிச்சம் இருக்கும். பேரைத் தாராளமாகச் சொல்லுங்கள், அழுதால் அழட்டும். நீங்கள் சொல்லித்தான் அவருக்கு ஞாபகம் வரப்போகிறதா என்ன? "இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம்" என்ற பேச்சை மட்டும் யாரையும் எடுக்க விடாதீர்கள்.

"ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடு" என்பதும் உதவாது, கூப்பிடத் தெம்பு இருக்காது. "வியாழக்கிழமை சமைத்துக் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய் நில்லுங்கள். அப்புறம், அத்தானையும் விசாரியுங்கள். அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டு மாதமெல்லாம் ஒரு கணக்கே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலே 6 மாதம் தாண்டியும் அன்றாட வாழ்க்கை முடங்கிக் கிடந்தால்தான் நீடித்த துக்கக் கோளாறு என்கிறது. ஆனால் சாப்பாடு, தூக்கம் அடியோடு நின்றாலோ, "நானும் போய்விடுகிறேன்" என்றாலோ அதுவரை காத்திருக்காமல் உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அப்படி எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அது புதிதாக முளைத்துவிடாது.